காது மிஷினைக் கழற்றும் பையனும் கரைவலைக் கயிறும்

வந்த கடிதம் (சுருக்கி):

"மண்டபம் வட்டாரத்தில் ஒரு கடலோர அரசு நடுநிலைப் பள்ளியில் பகுதிநேர இசை ஆசிரியையாக இருக்கிறேன். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. ஏழாம் வகுப்பில் 34 பிள்ளைகள். ஒரு பையனுக்குக் காது மிஷின் இருக்கிறது. மற்ற வகுப்பில் போட்டுக்கொள்கிறான், என் வகுப்பு வந்ததும் கழற்றிப் பையில் வைத்துவிடுகிறான். ஞாயிற்றுக்கிழமை தாத்தாவோடு கரைவலை இழுக்கப் போவானாம், அதில் மட்டும் குஷி என்கிறார் அம்மா. ஒரு பெண்ணுக்குப் பார்வை முழுசாக இல்லை. நன்றாகப் பாடுவாள், மற்றவர்கள் நோட்டில் எழுதும்போது சும்மா உட்கார்ந்திருப்பாள். இன்னொரு பையனுக்கு மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலி. வலது கை கொஞ்சம் வேலை செய்யும், ஆனால் தாளம் தட்டினால் பிந்திவிடும். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பழைய மாணவர்கள் 40,000 ரூபாய் தருகிறார்கள். இரண்டு டேப்லெட் வாங்கி, இசை ஆப் போட்டு இந்த மூவருக்கும் கொடுக்கலாமா? ஆண்டு விழாவில் இவர்களை முன்வரிசையில் உட்கார வைத்துப் பார்க்க வைத்தால் போதும் என்கிறார் தலைமை ஆசிரியர். என்ன செய்வது?"

அன்புள்ள டீச்சர்,

டேப்லெட் இப்போது வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பல வருஷத்துக்கு முன்னால், தொண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சிறப்பாசிரியையாகப் போய்வந்தேன். நடக்க முடியாத ஒரு பிள்ளைக்கு நன்கொடைப் பணத்தில் கீபோர்டு வாங்கினேன். மற்றவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று ஹெட்போன் மாட்டி, மூலையில் ஒரு மேஜை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு நாள் ஏதோ தோன்றி அந்த ஹெட்போனை எடுத்து என் காதில் வைத்தேன். ஒரு பக்கம் செத்துப் போயிருந்தது. எப்போது போனதென்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. அவள் வாசித்ததை அந்த மூன்று மாதமும் யாருமே கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஐப்பசி மழைக்கு உப்புக்காற்று உள்ளே ஏறி, கட்டைகள் ஒவ்வொன்றாக ஊமையாகின. கீபோர்டு போனதில்கூட எனக்கு வருத்தம் இல்லை.

உங்கள் இரண்டு டேப்லெட்டும் அந்த மூலை மேஜையாகத்தான் ஆகும். 31 பேர் பாடுவார்கள், மூன்று பேர் திரையைத் தடவிக்கொண்டிருப்பார்கள். கருவி வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கருவியால் பிள்ளை மற்றவர்களோடு சேர்ந்து ஒரே சமத்தில், அதாவது தாளம் தொடங்குகிற இடத்தில், வந்து விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் விலை என்னவானாலும் அது வீண்.

முதலில் அந்தக் காது மிஷின். கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி, 'என் வகுப்பு வந்ததும் கழற்றிவிடுகிறான்' என்பதுதான். அதை அடம் என்று நினைக்க வேண்டாம், அவன் உங்களுக்குத் தகவல் தருகிறான்.

காது மிஷின் பேச்சுக்காகச் செய்த பொருள். பேச்சு ஏறி இறங்கும், நிற்கும், மறுபடி வரும். ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக வருகிற சத்தத்தை, ஃபேன் இரைச்சல், மோட்டார் இரைச்சல் என்று கணக்குப் பண்ணி அமுக்குவது இன்றைய டிஜிட்டல் மிஷின்களின் பழக்கம். இப்போது உங்கள் சுருதிப் பெட்டியை யோசித்துப் பாருங்கள். நமக்கு ஆதாரமே அந்தச் சீரான 'ஸ-ப-ஸ'தான். மிஷினுக்கு அது ஃபேன். இன்னொன்று, மிஷினுக்குள் 'கூ' என்று விசில் அடிக்காமல் இருக்க ஒரு தடுப்பு வைத்திருப்பார்கள். நீளமாக இழுத்த ஒரு ஸ்வரமோ புல்லாங்குழல் ஒலியோ வந்தால், அதுவும் விசில்தான் என்று நினைத்து அந்தத் தடுப்பு குறுக்கே பாயும். அப்போது ஸ்வரம் நடுங்கும், இரட்டையாகக் கேட்கும். பக்கத்தில் மிருதங்கமோ தவிலோ அடித்தால் மிஷின் தாங்காமல் கரகரக்கும். இந்த மூன்றும் சேர்ந்து காதுக்குள் நடக்கும்போது நானாக இருந்தாலும் கழற்றித்தான் வைப்பேன்.

மிஷின் பொருத்திக்கொடுத்த ஆடியாலஜிஸ்டிடம் அம்மாவோடு ஒரு தடவை நீங்களும் போய்வாருங்கள். 'இரண்டாவது புரோகிராமாக மியூசிக் செட்டிங் போட்டுத் தர முடியுமா' என்று கேளுங்கள். இரைச்சல் குறைப்பையும் விசில் தடுப்பையும் தளர்த்தி, ஒலியைக் கசக்காமல் விடுகிற செட்டிங் அது. பல டிஜிட்டல் மிஷின்களில் இடம் இருக்கும், யாரும் கேட்காததால் போடாமல் விட்டிருப்பார்கள். போகும்போது உங்கள் சுருதிப் பெட்டியைக் கையில் எடுத்துப் போங்கள். அங்கேயே போட்டுக் காட்டி, பையன் முகத்தைப் பாருங்கள். பழைய மாடல், புரோகிராம் எல்லாம் கிடையாது என்று சொன்னால் தூரம்தான் மருந்து. தோல் வாத்தியத்திலிருந்து அவனை நாலைந்து அடி தள்ளி உட்கார வையுங்கள். உங்கள் முகத்துக்கு மட்டும் கிட்டத்தில் இருக்கட்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், முகம் இருட்டாகிவிட்டால் அவனுக்கு உங்கள் வாய் தெரியாது.

வாய் என்றதும் ஒன்று. கண்ணாடி முன் நின்று சத்தம் வராமல் 'தகதிமி' என்று சொல்லிப் பாருங்கள். த, க, தி மூன்றும் நாக்குக்குள்ளேயே முடிந்துவிடும். 'மி'க்கு மட்டும்தான் உதடு சேரும். உதட்டைப் பார்த்துப் பிடிக்கிற பிள்ளைக்கு அந்தச் சொல்லில் முக்கால்வாசி கிடையாது. 'ததிங்கிணதொம்' என்றால் கடைசியில் உதடு குவிந்து மூடுவது தெளிவாகத் தெரியும். அவனுக்குத் தொடக்கப் பாடம் 'தொம்'மில் முடிகிற சொற்கட்டாக இருக்கட்டும்.

நம் முறையில் தாளம் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்பதை நாமே மறந்துவிடுகிறோம். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு-வீச்சு, தட்டு-வீச்சு. ஆதி தாளத்தின் எட்டும் கண்ணுக்குத் தெரியும். மேல்நாட்டுக்காரர்கள் இதற்காகத் திரையில் விளக்கு மின்ன வைக்கிறார்கள். முருகபூபதியின் மிருதங்கம் ஒலித்த ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு, இதற்கு நாம் ஆப் தேட வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, உடம்புக்கும் போய்ச் சேர வேண்டும். ஸ்காட்லாந்தின் எவலின் கிளெனி பன்னிரண்டு வயதுக்குள் காது கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தவர். உலக அளவில் தாள வாத்தியக் கலைஞர். மேடையில் செருப்பில்லாமல் நின்று வாசிப்பார், தரையின் அதிர்வு காலில் ஏற வேண்டும் என்று. உங்கள் வகுப்பறை சிமெண்ட் தரை, அதில் ஒன்றும் ஏறாது. நாலுக்கு நாலு அடி பிளைவுட் பலகை ஒன்று, கீழே நாலு மூலையிலும் ரப்பர் துண்டு. கனமான ஒலியைத் தாங்கும் ஒரு ஸ்பீக்கரை அதன் மேல் குப்புற வையுங்கள். பிள்ளைகள் வெறுங்காலோடு சுற்றி உட்காரட்டும். அவனை மட்டும் உட்கார வைத்துவிடாதீர்கள். எல்லாரும் முறை போட்டு உட்கார அடித்துக்கொள்வார்கள், அதுதான் வேண்டும். ஊரில் உடைந்த வள்ளத்துப் பலகை கிடைத்தால் பிளைவுட் காசும் மிச்சம்.

இப்போது கரைவலைக்கு வருகிறேன். காது கேட்காத பையன், பாட்டுப் பாடி இழுக்கிற வேலையில் மட்டும் குஷியாக இருக்கிறான் என்றால் அங்கே என்ன நடக்கிறதென்று நீங்களே ஒரு ஞாயிறு போய்ப் பாருங்கள். முன்னால் நிற்கிற பெரியவர் அம்பா என்கிற வலையிழுப்புப் பாட்டை எடுப்பார், மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்குவார்கள். பையன் அதைக் காதால் வாங்குவதில்லை. இருபது பேர் இழுக்கும் இழுப்பு கயிறு வழியாக அவன் உள்ளங்கைக்கு வருகிறது. குதிகால் மணலில் புதைகிற நேரமும், கயிறு விறைக்கிற நேரமும், முன்னால் நிற்கிறவர் முதுகு சாய்கிற நேரமும் ஒன்று. அவனுக்குச் சமம் தெரியும், டீச்சர். ஒவ்வொரு ஞாயிறும் பிசகாமல் அதில் வந்து விழுகிறான். நம் வகுப்பில் அதைப் பிடித்துக்கொள்ள அவன் கையில் எதையும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

வகுப்புக்குக் கயிறு கொண்டுவாருங்கள். எல்லாரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பிடிக்கட்டும். ஆதி தாளத்தின் முதல் தட்டில் ஒரு இழுப்பு, ஐந்தாவதில் எதிர்ப்பக்கம் ஒரு இழுப்பு. முதலில் பாட்டே வேண்டாம். கயிறு சீரானதும் நீங்கள் குரல் எடுங்கள், அவர்கள் 'ஏலேலோ' சொல்லட்டும். மூன்றாவது வாரம் கயிற்றை வைத்துக்கொண்டே சரளி வரிசை, அந்த முதல் ஸ்வரப் பாடம். காது மிஷின் பையனைத் தலைக்கயிற்றில் உட்கார வையுங்கள். வேகம் பிடித்து ஓடுகிற மற்ற பிள்ளைகளை அவன்தான் இழுத்து நிறுத்துவான் என்று பந்தயம் கட்டுகிறேன்.

கடற்கரையில் இருப்பதால் ஒரு குறிப்பு. வலையிழுத்துவிட்டு வந்த கையோடு மிஷினைத் தொட வேண்டாம். இரவில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மூடி இறுகுகிற சின்ன டப்பாவில் சிலிகா ஜெல்லோடு மிஷினை வைக்கச் சொல்லுங்கள். பேட்டரியை அதே டப்பாவில் போட்டால் அது சீக்கிரம் உலர்ந்து செத்துவிடும், வெளியே இருக்கட்டும். நிறம் மாறுகிற சிலிகா ஜெல் நல்லது, மாறியதும் வெயிலில் அல்ல, வாணலியில் லேசாகச் சூடு காட்டினால் மறுபடி உதவும்.

அந்தப் பெண்ணைப் பற்றி. 'நன்றாகப் பாடுவாள்' என்பதோடு நிறுத்திவிடுகிறீர்கள். உங்கள் தலைமை ஆசிரியரும் 'கண் இல்லாதவர்களுக்குக் கடவுள் குரலைக் கொடுத்திருப்பார்' என்று சொல்லியிருப்பார், பந்தயம் இரண்டு. புல்லாங்குழலைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த கும்பகோணம் சரப சாஸ்திரியைச் (1872–1904) சொல்வார்கள். அவருக்குப் பார்வை இல்லை, உண்மைதான். ஆனால் அவரைக் காட்டி, உங்கள் மாணவிக்கு எழுதப் படிக்க வேண்டாம் என்று முடிவு கட்டுவது அநியாயம். எழுதத் தெரியாத பிள்ளை எப்போதும் யாராவது சொல்லிக்கொடுக்கக் காத்திருக்க வேண்டும். மற்ற 33 பேர் வீட்டில் நோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொள்வார்கள்.

இதில் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது. மேல்நாட்டு இசையில் கோடு போட்டு முட்டை வரைகிறார்கள், அதைத் தொட்டுப் படிக்க வைக்க லூயி பிரெயில் 1829-லேயே தனியாகப் புள்ளிக் குறியீடு செய்ய வேண்டியிருந்தது. நம்முடையது எழுத்து. ஸ ரி க ம ப த நி ஏழும் நம் மொழிகளுக்கான பாரதி பிரெயிலில் அப்படியே எழுதலாம். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் பிரெயில் ஸ்லேட்டும் ஸ்டைலஸும் கேளுங்கள். அவள் ஏற்கெனவே பிரெயில் படிக்கிறாள் என்றால் ஒரு மணி நேர வேலை. மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயிக்கு நாம் எழுத்தின் மேலும் கீழும் வைக்கிற புள்ளி அங்கே வராது. அவளும் நீங்களும் உட்கார்ந்து அதற்கு ஒரு அடையாளம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அடையாளத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

உங்கள் ஹைடெக் லேபில் கணினி இருந்தால் என்விடிஏ என்ற திரை வாசிப்பானைப் போடுங்கள். பைசா செலவில்லை. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006-ல் எழுதத் தொடங்கியது, தமிழும் வாசிக்கும். இதில் இசைக்காரர்கள் மட்டுமே மாட்டிக்கொள்கிற ஒரு பொறி உண்டு. நாம் கார்வைக்கு, அதாவது ஸ்வரத்தை நீட்டுகிற இடத்துக்கு, ஒரு அட்சரம் என்றால் காற்புள்ளி, இரண்டு என்றால் அரைப்புள்ளி போடுகிறோம். வாசிப்பான் சாதாரணமாகக் காற்புள்ளியை வாய்விட்டுச் சொல்லாது. 'ஸ, ரி , க' என்று நீங்கள் தட்டச்சு செய்தால் அவள் காதில் 'ஸ ரி க' என்று விழும். கார்வை மொத்தமும் காணாமல் போய், பாட்டு தாளத்தில் உட்காராது. பிள்ளைக்கு லய ஞானம் இல்லை என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். என்விடிஏ விசையோடு 'பி' விசையைச் சேர்த்து அழுத்திக்கொண்டே போனால் நிறுத்தக்குறி அளவு மாறும், 'எல்லாம்' என்ற இடத்தில் நிறுத்துங்கள். போனில் டாக்பேக் என்ற திரை வாசிப்பானைப் பயன்படுத்தினால் அதன் அமைப்புகளிலும் நிறுத்தக்குறியை வாசிக்கச் சொல்லும் இடம் இருக்கிறது. இல்லாவிட்டால் கார்வைக்குக் குறி போடாமல், 'கார்' என்று எழுத்திலேயே எழுதிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், அழகாக இல்லை, வேலை நடக்கிறது.

தாளம் காட்ட அவள் உள்ளங்கைக்குக் கீழே உங்கள் கையை வையுங்கள், மேலே வைத்து அழுத்தாதீர்கள். அவள் உங்கள் கையைத் தொட்டுப் பார்க்கட்டும், நீங்கள் அவள் கையை ஆட்டி வைக்க வேண்டாம். அட்டையில் புளியங்கொட்டை ஒட்டி, நான்கு, இடைவெளி, இரண்டு, இடைவெளி, இரண்டு என்று ஆதி தாளம் செய்து கொடுங்கள். மற்றவர்களும் கேட்பார்கள்.

மூன்றாவது பையன். அவன் கை பிந்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்குச் சமம் எங்கே வருகிறது என்று நன்றாகத் தெரியும், தட்டு என்று மனசு சொல்லி கை போய்ச் சேர நேரமாகிறது. எட்டு தட்டும் அவனிடம் கேட்காதீர்கள். நிமிஷத்துக்கு 60 தட்டு என்று நிதானமாக வைத்தால் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, எட்டு விநாடி. முதல் தட்டு மட்டும் அவனுடையது, மிச்ச ஏழும் அவன் தயாராவதற்கு. ஜால்ராவோ சின்ன மணியோ வேண்டாம், தப்பினால் வெட்கமாக இருக்கும். வகுப்பிலேயே பெரிய சத்தம் உள்ள வாத்தியம் அவனிடம் இருக்கட்டும். அவன் அடிக்காமல் ஆவர்த்தனம் தொடங்காது என்று வையுங்கள்.

கோல் பிடிக்க முடியவில்லையா? கடையில் தேட வேண்டாம். வலையில் கோக்கிற மிதவை ஒன்றை எடுங்கள், நடுவில் ஓட்டையோடு இருக்குமே, அது. கோலை அதன் ஓட்டையில் நுழைத்துவிட்டால், கை முழுக்கப் பிடிக்கிற தடிமன், கனமும் இல்லை, வியர்வைக்கு வழுக்கவும் வழுக்காது. மேலே ஒரு பட்டை வைத்து உள்ளங்கையோடு கட்டிவிட்டால் கோல் விழாது. இதே வடிவத்தில் தடித்த கைப்பிடி என்று விற்கிறார்கள், விலையைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். பட்டை இறுகியிருக்கிறதா, தோல் சிவக்கிறதா என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாருங்கள்.

அவனுக்குத்தான் கணினியும் பொருந்தும். ஏயுஎம்ஐ என்று ஒரு இலவச மென்பொருள், பாலின் ஒலிவெரோஸ் என்ற அமெரிக்க இசைக் கலைஞர் தொடங்கி வைத்தது. வெப்கேமரா முன் தலையை அசைத்தாலோ கன்னத்தை அசைத்தாலோ ஸ்வரம் ஒலிக்கும். தலை திருப்புவது அவனுக்குச் சுலபம் என்றால் அதை வைத்து 'ஸ'வும் 'ப'வும் அவன் போடலாம், வகுப்புக்கே சுருதி அவனிடமிருந்து வரட்டும். ஆனால் புளூடூத் ஸ்பீக்கரை இதில் சேர்க்காதீர்கள். புளூடூத் சத்தத்தைக் கொஞ்சம் தாமதமாகத்தான் தரும், பத்தில் ஒரு விநாடி, சில நேரம் கால் விநாடி. சினிமாப் பாட்டுக் கேட்கிறவருக்கு அது தெரியாது. ஏற்கெனவே பிந்துகிற பையனுக்கு அது இரட்டைப் பிந்தல், பழி அவன் மேல் விழும். ஒயர் போட்ட ஸ்பீக்கர் வாங்குங்கள். பலகைக்கும் அதே ஸ்பீக்கர்.

பணத்தை இப்படிப் பிரியுங்கள்: ஒயர் ஸ்பீக்கர், பலகை, வெப்கேமரா, சிலிகா ஜெல், இவ்வளவுதான் இப்போதைக்கு. பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். ஒரு பருவம் போகட்டும், யாருக்கு எது குறைகிறதென்று அப்போது தெரியும். நன்கொடையாளர்களுக்குப் போட்டோ வேண்டுமென்றால் கயிறு இழுக்கிற போட்டோ அனுப்புங்கள்.

தலைமை ஆசிரியர் விஷயம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 16-ஆவது பிரிவு படிப்பில் மட்டுமில்லாமல், விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளிலும் மற்றவர்களுக்குச் சமமாக இந்தப் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்கிறது. பகுதிநேர ஆசிரியை ஒருவர் சட்டப் பிரிவைச் சொல்லிக்கொண்டு அறைக்குள் போனால் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும். அதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் அவரை வகுப்புக்குக் கூப்பிட்டு, கயிற்றின் ஒரு முனையைக் கையில் கொடுத்துவிடுங்கள். பேச்செடுக்க வேண்டாம். எதிர்முனையில் அந்தப் பையன் இருக்கட்டும்.

கயிறு எவ்வளவு வேண்டும் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் 17 பேர், ஆளுக்கு இரண்டடி, 34 அடி. இரண்டு முனையிலும் முடிச்சுக்கும் உங்கள் கைக்கும் மூன்று மூன்று அடி, ஆக 40. நைலான் வேண்டாம், பிஞ்சுக் கையை அறுத்துவிடும். தாத்தாவிடம் கேளுங்கள், அந்தக் காலத்துத் தேங்காய் நார் வடம் ஏதாவது கொட்டகையில் சுருட்டிக் கிடக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசி உப்பை எடுத்து, பிடிக்கிற இடத்தில் பழைய வேட்டித் துணி சுற்றிக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட மறக்காதீர்கள், முதல் இழுப்பிலேயே பையன் பாதி வகுப்பைத் தாண்டி வந்துவிடுவான்.